கை நடுங்கினால்தான் நடுக்குவாதமா?

"வலது தோள்பட்டை ஒரேயடியா இறுகிக்கிட்டு வருது டாக்டர். சட்டை போடவே முடியலை. நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க."

இப்படித்தான் என்னிடம் வந்தார் அந்தக் காப்பித்தூள் கடைக்காரர். வயது ஐம்பத்தெட்டு. சொந்தமாகக் கொட்டை வறுத்து, அரைத்து, சிக்கரி கலந்து விற்கிறவர். கையைத் தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் ஏறவில்லை. கும்பவாதம் என்று முடிவு கட்டினேன். தோள் இறுக்கத்துக்கு எங்கள் வைத்தியத்தில் அதுதான் பெயர். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. தைலம் கொடுத்தேன், ஒற்றடம் சொன்னேன், வாரம் இரண்டு தடவை தொக்கணமும் செய்தோம். கொஞ்சம் இளகும், திரும்ப இறுகும். நாலு மாதம் ஓடிவிட்டது.

ஐந்தாவது மாதம் அவருடைய மனைவியும் கூட வந்தார். அந்த அம்மா பேசியது தோளைப் பற்றி அல்ல. பேங்கைப் பற்றி!

"பேங்க்ல செக்கைத் திருப்பி அனுப்பிட்டாகய்யா. கையெழுத்து சேரலையாம். இவுக போட்டதுதான். ஆனா எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப்பொடியா இருக்கு. கடைக் கணக்கு நோட்டும் இப்ப அப்படித்தான். எனக்கே படிக்க முடியலை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தாளைக் கொடுத்து அவர் பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னேன். முதல் எழுத்து சாதாரண அளவு. போகப் போகச் சிறுத்து, வரி முடிவில் புள்ளி மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வராந்தாவில் நடக்கச் சொன்னேன். இடது கை வீசுகிறது. வலது கை மட்டும் கண்ணுக்குத் தெரியாத பையைத் தூக்கிப் போகிற மாதிரி அசையாமல் தொங்குகிறது. முகத்தைப் பார்த்தேன். நாலு மாதமாகப் பார்த்த முகம்தான். அதில் ஒரு தடவை கூடச் சிரிப்பு வரவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கண் சிமிட்டுவது கூடக் குறைவாக இருந்தது.

இன்னொன்று கேட்டேன். "வாசனை தெரியுதா உங்களுக்கு?"

அவர் பேசவில்லை. அந்த அம்மாதான் சொன்னார்: "நாலஞ்சு வருஷமாத் தெரியலைய்யா. கொட்டை கருகுறதுகூடத் தெரியாம அடுப்பு முன்னாலயே நின்னுக்கிட்டிருந்தாக. வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டாக. காப்பித்தூள் கடைக்காரனுக்கு மணம் தெரியலைன்னா எவன் வந்து வாங்குவான்னு கேட்டாக."

கவனியுங்கள், அவருக்குக் கை நடுங்கவே இல்லை. ஆனாலும் அது நடுக்குவாதம்தான். ஆங்கில மருத்துவத்தில் பார்க்கின்சன் நோய் என்கிறார்களே, அதுவேதான். அன்றைக்கே நரம்பியல் மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அவர் அதை உறுதி செய்தார். நாலு மாதம் தைலம் தேய்த்துப் பொழுதைக் கடத்தியவன் நான். ஆகையால் இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது.

தெருவில் பார்த்தே கண்டுபிடித்தவர்

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1817-ம் ஆண்டு சின்னதாக ஒரு நூல் வெளியிட்டார். நடுங்கிக்கொண்டே முன்னால் சாய்ந்து ஓடுகிற மாதிரி நடக்கும் ஆறு பேரைப் பற்றியது அது. வேடிக்கை என்னவென்றால், ஆறு பேரில் மூன்று பேரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி! அவர்கள் நிற்கிற நிலையும் நடக்கிற நடையும் போதுமானதாக இருந்தன. பிற்பாடு பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மேதை ஷார்கோ இந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார். பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11-ம் தேதிதான் உலக பார்க்கின்சன் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

எதற்காக இதைச் சொல்கிறேன்? ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. கண்ணால் பார்த்தே ஒருவர் இதை அடையாளம் கண்டார். இன்றைக்கும் பெரும்பாலும் பார்த்து, தொட்டு, நடக்க வைத்துத்தான் இந்த நோயை முடிவு செய்கிறார்கள். ஆக, வீட்டில் கூடவே இருக்கிற நீங்கள், வைத்தியருக்கு முன்பாகவே இதைப் பார்த்துவிட முடியும்.

நமது சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று மூன்றைச் சொல்வோம். உடம்பின் அசைவெல்லாம் வளியின் வேலை. வாத நோய்களை எண்பதாகப் பிரித்தார் யூகி முனிவர். நடுக்கமும், இறுக்கமும், நடை தடுமாற்றமும் சேர்ந்து வருவதை நடுக்குவாதம் என்று வழங்குகிறோம். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை நவீன விஞ்ஞானம் விவரமாகச் சொல்லியிருக்கிறது. அதையும் தெரிந்துகொள்வோம்.

மூளையின் அடிப்பகுதியில் கரும்பொருள் என்று ஒரு சிறு பகுதி உண்டு. பெயருக்கு ஏற்றபடி அங்கே உள்ள செல்கள் கருமை படிந்தவை. அவை டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க நினைத்ததும் எழுந்து விடுகிறீர்கள் அல்லவா? அந்த நினைப்பு தங்குதடையில்லாமல் அசைவாக மாற டோபமின் வேண்டும். இந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருவதுதான் பார்க்கின்சன் நோய். ஏறக்குறைய பாதிச் செல்கள் போன பிறகுதான் கை நடுங்கவோ நடை குறையவோ ஆரம்பிக்கிறது. அதாவது வெளியே தெரியும்போது நோய்க்குப் பல வயது ஆகியிருக்கும்.

முதல் அறிகுறி எது?

கடைக்காரர் கதையில் மூக்கு முதலில் போனது. இது தற்செயல் அல்ல. பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே வாசனை குறைந்துவிடுகிறது. ரசத்தில் பெருங்காயம் போட்டதா இல்லையா என்று தெரியாது, கற்பூரம் கொளுத்தியது தெரியாது. "வயசாயிடுச்சு" என்று விட்டு விடுகிறோம்.

அடுத்தது மலச்சிக்கல். நாங்கள் நாடி பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வியே "வயிறு ஒழுங்காப் போகுதா?" என்பதுதான். வாதத்துக்கும் மலக்கட்டுக்கும் உள்ள உறவு எங்களுக்குப் பாலபாடம். இப்போது நரம்பியல் ஆராய்ச்சியாளர்களும், இந்த நோயாளிகளில் பலருக்குப் பத்து வருடம் முன்பே மலச்சிக்கல் இருந்திருக்கிறது என்கிறார்கள். பயந்துவிடாதீர்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கெல்லாம் பார்க்கின்சன் வராது. வந்தால் ஊரில் பாதிப்பேர் படுத்திருப்போம்!

மூன்றாவது விசித்திரமானது. தூக்கத்தில் கனவு காணும்போது நமக்கெல்லாம் கை கால் அசையாமல் கட்டுண்டு கிடக்கும். இவர்களில் சிலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். கனவில் யாரோ துரத்தினால், படுக்கையில் நிஜமாகவே உதைப்பார்கள், கத்துவார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்தும் விடுவார்கள். மறுநாள் கேட்டால் கனவு கண்டேன் என்பார்கள். இதற்குத் தாயத்துக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்குப் பிறகு உடம்பில் தெரிபவை வரும். சட்டைப் பொத்தான் போட நேரமாவது, ஒரு பக்கத்துக் கை மட்டும் வீசாமல் இருப்பது, ஒரு காலை இழுத்து நடப்பது, எழுத்து சிறுத்துப்போவது, குரல் தேய்வது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பம். "என்னன்னே தெரியலை, அப்பா எப்பப் பார்த்தாலும் கோபமா இருக்கிற மாதிரி இருக்காங்க" என்பார்கள் பிள்ளைகள். கோபம் இல்லை, முகத்தின் தசைகள் இறுகிவிட்டன. நடை தள்ளாடினால் "குடிச்சிருக்கான்" என்ற பட்டமும் கிடைக்கும்.

சரி, நடுக்கம்? நூற்றில் எழுபது, எண்பது பேருக்கு அது உண்டு. ஆனால் அதிலும் ஒரு தனி அடையாளம் இருக்கிறது. கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். டம்ளரை எடுக்கப்போனால் நடுக்கம் குறையும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போலத் தெரியும். நாங்கள் கல்வத்தில் மருந்தை அரைத்து மாத்திரை உருட்டுவோமே, அச்சாக அதே அசைவு. ஆங்கில மருத்துவர்களும் 'மாத்திரை உருட்டும் நடுக்கம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இதற்கு நேர் எதிரான ஒரு நடுக்கமும் உண்டு. சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும். காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது தளும்பும், கையெழுத்து சிறுக்காமல் கோணலும் மாணலுமாகப் பெரிதாகும், தலையும் ஆடலாம். பல குடும்பங்களில் தாத்தா, அப்பா, மகன் என்று தொடரும். அது பார்க்கின்சன் அல்ல, வேறு வகை. இதற்கான மருந்தும் வேறு.

மருந்தே நோயைக் கொடுத்தால்?

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நடுக்கமும் இறுக்கமும் வந்தால், முதலில் அவருடைய மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்றவை டோபமினின் வேலையைத் தடுக்கக் கூடியவை. ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி இரண்டு வருடம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே இருக்கும். காரணமான மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில், சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். மனநோய் மருந்தென்றால் இது ரொம்ப முக்கியம்.

மூலிகையும் இதில் சேர்த்தி. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே பிடிப்பதில்லை. சர்ப்பகந்தி என்ற மூலிகை பல காலமாக நம் நாட்டில் புழங்குவது. அதிலிருந்து 1952-ல் ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கு உலகமெங்கும் கொடுத்தார்கள். ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1950-களின் பிற்பாதியில் இந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். துள்ளி ஓடிய முயல்கள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டன. அவற்றின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருந்தது. பிறகு லெவோடோபா என்ற பொருளை ஊசி மூலம் ஏற்றினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின! இந்த நோயின் வைத்தியத்துக்கு வாசல் திறந்தது இப்படித்தான். 2000-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லெவோடோபா எங்கே இருக்கிறது தெரியுமா? நம் வேலி ஓரத்தில்! பூனைக்காலிக் கொடியைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். பள்ளிக்கூடத்துப் போக்கிரிகளின் ஆயுதம் அது. அதன் விதையிலிருந்து 1937-ம் ஆண்டிலேயே லெவோடோபாவைப் பிரித்துக் காட்டினார்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். அப்போது அது எதற்கு உதவும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. கார்ல்சனின் முயல்களுக்கு இருபது வருடம் முந்தைய சங்கதி இது.

பூனைக்காலி குணப்படுத்துமா?

இதுதான் என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி. சித்த வைத்தியன் என்பதால் "ஆமாம்" என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சன் நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து சித்தாவிலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. செத்துப்போன செல்களை யாராலும் எழுப்ப முடியவில்லை. இருப்பது நோயின் கஷ்டத்தைக் குறைத்து, ஆளை நடமாட வைக்கிற மருந்துகள்.

டோபமினை நேரடியாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறிவிடாமல் தடுக்கக் கார்பிடோபா என்ற துணைமருந்தைச் சேர்த்து மாத்திரையாகத் தருகிறார்கள். 1967-ல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்ற மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக் கொடுத்து இந்த வைத்தியத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று வரை இதைவிட வலுவான மாத்திரை வரவில்லை.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதால் அதுவும் வேலை செய்யும். 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் பூனைக்காலித் தூள் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையை விடச் சீக்கிரம் வேலை செய்தது, கூடுதல் நேரம் நீடித்தது. பெருமைப்பட வேண்டிய சேதிதான். ஆனால் எட்டே பேர், அதுவும் அளந்து பக்குவப்படுத்திய மருந்து. ஒரு விதையில் இருக்கிற லெவோடோபா இன்னொரு விதையில் இருக்காது. மண்ணைப் பொறுத்து, ரகத்தைப் பொறுத்து மாறும். மாத்திரை சாப்பிடுகிறவர் யாருக்கும் தெரியாமல் இந்தச் சூரணத்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஒரே மருந்து இரட்டை அளவில் உள்ளே போகும். அப்படி ஒருவர் மூன்று வாரம் "அற்புதம் சார்" என்று சொல்லிவிட்டு, நாலாவது வாரம் கழுத்தும் கையும் பாம்பு மாதிரி நெளிய வந்து நின்றார். நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாமல் நான் யாருக்கும் பூனைக்காலி கொடுப்பதில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அறுபத்தாறு வயது அம்மா ஒருவர். ஆறு வருடமாக மாத்திரை சாப்பிட்டு, தன் வேலையைத் தானே செய்துகொண்டு நன்றாகவே இருந்தார். மகன் எங்கேயோ ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். '48 நாளில் நடுக்கம் நிற்கும், ஆங்கில மருந்தை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.' நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாவால் திரும்பிப் படுக்க முடியவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் ஏறி, உடம்பு மரக்கட்டை போலாகி, நினைவும் தப்பியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள். பிழைத்தார், ஆனால் பழையபடி நடக்கவில்லை. "அம்மாவுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன் டாக்டர்" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுத அந்த மகனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விளம்பரம் கொடுத்தவரின் போன் அதற்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. எந்த வைத்தியர் சொன்னாலும் சரி, எங்கள் கல்லூரியில் படித்த வைத்தியரே சொன்னாலும் சரி, நிறுத்தாதீர்கள்.

பாலில் மாத்திரை வேண்டாம்

நம் வீடுகளில் மாத்திரை என்றால் ஒரு டம்ளர் பாலோடுதான் கொடுப்பார்கள். "வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்." மற்ற மருந்துக்கு எப்படியோ, இந்த மாத்திரைக்கு அது சரிப்படாது. பாலில், பருப்பில், முட்டையில், கறியில் உள்ள புரதமும் லெவோடோபாவும் ஒரே வாசல் வழியாகத்தான் ரத்தத்துக்குள் போகின்றன. புரதம் கூட்டமாக நின்றால் மருந்து வெளியில் நிற்க வேண்டியதுதான்! சாப்பாட்டுக்கு அரைமணி, முக்கால் மணி நேரம் முன்பாகத் தண்ணீரில் கொடுங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட்டோ, பொரியோ போதும். பூனைக்காலியைப் பாலில் கொடுப்பது எங்கள் வழக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாஜீகரணத்துக்குச் சரி, இந்த நோய்க்கு அது உதவாது. இரும்புச் சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அயச்செந்தூரமும் இரும்புதானே! இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இதற்காகப் புரதத்தையே ஒதுக்கி ஆளை இளைக்க விடக் கூடாது. பருப்பையும் தயிரையும் மருந்து நேரத்தோடு மோதாமல் வைத்துக்கொண்டால் சரி.

நேரம் தவறக் கூடாது. எட்டு மணி மாத்திரையைப் பத்து மணிக்குக் கொடுத்தால் அந்த இரண்டு மணி நேரமும் அவர் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். சில வருடங்கள் போன பிறகு, அடுத்த மாத்திரை வருவதற்குள்ளேயே மருந்தின் வேகம் தீர்ந்துபோக ஆரம்பிக்கும். அல்லது மருந்து உச்சத்தில் இருக்கும்போது கை கால் தானாக நெளியும். நோய் முற்றிவிட்டது என்று மனம் உடைய வேண்டாம். அளவையும் நேரத்தையும் மாற்றிச் சரிசெய்வார்கள். அதற்கும் கட்டுப்படாதவர்களில் சிலருக்கு, மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, மார்பில் ஒரு சிறு கருவியை வைத்து மின்தூண்டல் தருகிறார்கள். சென்னை போன்ற நகரங்களில் இது நடக்கிறது. செலவு பல லட்சம் ரூபாய். எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல, நோயைக் குணமாக்குவதும் அல்ல.

இன்னொரு வகை மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற மருந்துகள் சிலருக்கு எதிலாவது வெறி பிடிக்க வைக்கும். செல்போனில் ரம்மி ஆடிப் பணத்தைத் தொலைப்பது, கண்டபடி பொருள் வாங்கிக் குவிப்பது, காமம் மிகுவது. ஒழுக்கமாக வாழ்ந்த மனிதர் இந்த வயதில் இப்படிச் செய்கிறாரே என்று குடும்பமே குன்றிப்போகும். மருந்துதான் காரணம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சித்த வைத்தியத்தால் என்ன உதவி?

நிறையவே இருக்கிறது, எல்லை தெரிந்து செய்தால். இறுகிய தோளுக்கும் இடுப்புக்கும் தைலமும் தொக்கணமும் நல்ல இதம் தரும். ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வழுக்குகிற குளியலறைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மலச்சிக்கலுக்கு இரவில் கடுக்காயோ திரிபலாவோ, பகலில் வெந்நீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம். வயிறு நகர்ந்தால்தான் மாத்திரையும் நகர்ந்து வேலை செய்யும். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று தெரியாத பற்பம், செந்தூரம் எதையும் தொடாதீர்கள்.

உடற்பயிற்சிதான் இதில் பாதி வைத்தியம். தினமும் கையை வீசி, காலை நீட்டி வைத்து நடக்க வேண்டும். 2012-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் சீனாவின் தாய்ச்சி பயிற்சி செய்தவர்களுக்கு நிலை தடுமாறுவது குறைந்தது, விழுவதும் குறைந்தது. நமக்கு யோகாசனம் இருக்கிறது, நடைப்பயிற்சி இருக்கிறது. சத்தம் போட்டுப் பேப்பர் படிக்கச் சொல்லுங்கள். குரல் தேயாது.

நடந்து வருகிறவர் நிலைப்படி வந்ததும் திடீரென்று பூமியில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். பின்னாலிருந்து தள்ளாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு படுக்கைதான். தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டச் சொல்லுங்கள். கால் எழும்பிவிடும்! மூளைக்குள் உத்தரவு பிறக்கிற இடம் முடங்கினாலும், கண்ணால் பார்த்துத் தாண்டுகிற வழி திறந்தே இருக்கிறது. "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போட்டு எண்ணினாலும் நடப்பார். காப்பித்தூள் கடைக்காரரின் மனைவி வாசலிலிருந்து கல்லா வரைக்கும் வெள்ளைப் பெயின்டால் ஒரு அடிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் புதுமாதிரிக் கோலம் என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க விடுங்கள். உணவு மூச்சுக்குழலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாவதுதான் இந்த நோயாளிகளின் உயிரை அதிகம் பறிக்கிறது.

மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதியே. நோய் வந்ததை நினைத்து வருகிற வருத்தம் மட்டும் அல்ல அது. மூளை ரசாயனம் குறைவதாலும் வருகிறது. நாள்பட்டவர்கள் சிலர் அறைக்குள் குழந்தைகள் விளையாடுவதாகவும் செத்துப்போனவர் வந்து நிற்பதாகவும் சொல்வார்கள். கோடாங்கியைக் கூப்பிடுவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தின் அளவைக் குறைத்தாலே பல நேரம் சரியாகும்.

ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்குத் திட்டவட்டமான காரணம் சொல்ல முடிவதில்லை. வயது ஒரு காரணம், சிலருக்குப் பரம்பரை. நாற்பதுக்குள் வருகிறவர்களும் உண்டு. 1982-ல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களிலேயே கற்சிலை போலாகிவிட்டார்கள். அந்த மருந்தில் கலந்திருந்த ஒரு நச்சு அவர்களின் கரும்பொருள் செல்களை அழித்திருந்தது. அந்த நச்சுக்கும் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் ரசாயன அமைப்பில் ஒற்றுமை இருக்கிறது. வயலில் மருந்து அடிக்கிறவர்கள் முகத்தையும் கையையும் மூடாமல் அடிக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகில் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-ல் கண்டறிந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகும் இருபது வருடம் வாழ்ந்தார். நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பின் சதவீதத்தைப் பொறுத்துச் சான்றிதழ் கிடைக்கும். பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

கடைசியாக ஒரு காரியம். வேறு ஏதாவது காரணத்துக்காக, கண் புரை, குடலிறக்கம், டெங்குக் காய்ச்சல் எதுவாக இருந்தாலும், இந்த நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மூன்று விஷயங்களை எழுதிக் கையில் கொடுங்கள். பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்தக் கூடாது; இன்னின்ன மணிக்குக் கொடுக்க வேண்டும்; வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போடக் கூடாது. கடைக்காரர் இதை ஒரு காப்பித்தூள் கவரின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் கோட்டைத் தொடுகிற மாதிரி, பெரிது பெரிதாக.